பையன் ரூமுக்கு டிவியா, மானிட்டரா? முதலில் டேப்பை எடுங்கள்

கடைக்கு வருகிறவர்களும் போனில் கூப்பிடுகிறவர்களும் இப்போது அடிக்கடி கேட்பது இதைத்தான்: "அண்ணே, பையன் ரூமுக்கு ஒரு ஸ்கிரீன் வேணும். டிவி வாங்கட்டுமா, மானிட்டர் போதுமா?" கையோடு விலையும் சொல்வார்கள். 24 இன்ச் மானிட்டர் வாங்குகிற காசில் கொஞ்சம் சேர்த்துப் போட்டால் 32 இன்ச் டிவியே வந்துவிடுகிறது, பெரியதை வாங்குவதுதானே லாபம் என்பது அவர்கள் கணக்கு. டிவி, மானிட்டர் சர்வீஸ் செய்கிறவன் என்ற முறையில் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். பார்க்கிறவர் கண்ணுக்கும் திரைக்கும் நடுவில் எத்தனை அடி?

இன்ச் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. அதற்குள் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பது வேறு விஷயம். விலை குறைந்த 32 இன்ச் டிவிகள் பெரும்பாலும் ஹெச்.டி. ரெடி, அதாவது 1366 × 768. மொத்தம் ஏறக்குறைய பத்தரை லட்சம் புள்ளிகள். 24 இன்ச் ஃபுல் ஹெச்.டி. மானிட்டரில் 1920 × 1080, சுமார் இருபது லட்சத்து எழுபதாயிரம். திரை சின்னது, புள்ளிகள் இரண்டு மடங்கு. அந்த டிவியில் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர், மானிட்டரில் கால் மில்லிமீட்டரை ஒட்டி வரும். நல்ல பார்வை உள்ளவர் கண்ணுக்கு அந்த டிவியின் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாமல் போக ஏறக்குறைய 6 அடி தள்ளி உட்கார வேண்டும். மானிட்டருக்கு 3 அடி போதும்.

இதை வைத்துக்கொண்டு பையனின் படிக்கிற மேசையைப் பாருங்கள். அங்கே கண்ணுக்கும் திரைக்கும் 2 அடி, மிஞ்சினால் இரண்டரை அடி. அந்த இடத்தில் 32 இன்ச் டிவியை வைத்தால் எழுத்தின் விளிம்பெல்லாம் ரம்பப் பல் மாதிரி தெரியும். அதே டிவியை ஹாலில் 7 அடி தள்ளி வைத்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அட்டைப்பெட்டியில் "4கே சப்போர்ட்" என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்பி வாங்கிவிட்டு வருகிறவர்கள் உண்டு. 4கே வீடியோவை அந்த டிவி வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதற்கு அர்த்தம். காட்டுவதென்னவோ தன் பேனலில் இருக்கிற புள்ளிகளை வைத்துத்தான். ரெசல்யூஷன் என்ற இடத்தில் 3840 × 2160 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது 4கே டிவி இல்லை.

சரி, உண்மையான 4கே டிவியையே மேசையில் வைத்தால்? வீட்டிலிருந்து ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு தம்பி அப்படித்தான் 43 இன்ச் 4கே டிவியை லேப்டாப்போடு இணைத்திருந்தார். "பேனல் போயிருச்சுண்ணே, எழுத்தெல்லாம் கலங்குது" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து சுமாராக இருந்தது. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து வந்த இடத்தில்தான் மை கசிந்த மாதிரி பரவியிருந்தது. 43 இன்ச் 4கே டிவியின் புள்ளி 24 இன்ச் மானிட்டரின் புள்ளியைவிடக் கொஞ்சம் சிறியதுதான். ஆகவே குறை பேனலில் இல்லை, டிவி நிறத்தைக் கையாளும் விதத்தில் இருந்தது. சினிமாவும் சேனல்களும் நமக்கு வரும்போதே வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிக்கு ஒன்று என்று சுருக்கித்தான் வருகின்றன. முகத்தையும் வயல்வெளியையும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது. டிவியும் அதற்குப் பழக்கப்பட்டது என்பதால் லேப்டாப்பிலிருந்து வருவதையும் பல டிவிகள் நிறத்தைச் சுருக்கியே காட்டுகின்றன. மெல்லிய கோடுகளால் ஆன எழுத்துக்கு அது ஒத்துவராது.

அந்த தம்பியின் டிவியில் ஹெச்.டி.எம்.ஐ. இன்புட்டின் பெயரை பி.சி. என்று மாற்றினேன். ஷார்ப்னெஸ்ஸைக் குறைத்தேன். எழுத்து தெளிந்தது. பல கம்பெனி டிவிகளில் இந்த வசதி இருக்கிறது, பெயர்தான் ஆளுக்கு ஆள் மாறும். திரையின் ஓரம் வெட்டுப்பட்டு டாஸ்க்பார் பாதி மறைந்தால் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட், ஃபுல் பிக்சல் என்கிற மாதிரி ஒரு அமைப்பு இருக்கும், அதைப் போடுங்கள். மவுஸ் நகர்த்தினால் அம்பு பின்தங்கி வருகிறது என்றால் கேம் மோடு. டிவி படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரம் அதில் குறைந்துவிடும். சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுப்பதற்கு முன்னால் இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

ஆனால் அவருக்கு இன்னொரு தொல்லை இருந்தது, அதை ரிமோட்டால் சரிசெய்ய முடியாது. 43 இன்ச் திரையின் அகலம் மூன்றடிக்கு மேல். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். மேசையைச் சுவரிலிருந்து நகர்த்தி மூன்றரை அடி இடைவெளி உண்டாக்கிய பிறகுதான் கழுத்துவலி குறைந்தது என்றார். மேசையை நகர்த்த இடமில்லாத ரூமாக இருந்தால் 24 அல்லது 27 இன்ச் மானிட்டர்தான் சரி என்று சொல்லியிருப்பேன்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. படுக்கையிலேயே இருக்கும் அம்மாவுக்காக ஒரு வீட்டில் மானிட்டர் வாங்கியிருந்தார்கள், விலை குறைவு என்று. செட்டாப் பாக்ஸ் பழைய எஸ்.டி. பாக்ஸ். அதன் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஓட்டைகள். மானிட்டரில் அவை ஒன்றுகூட இல்லை. ஒரு கன்வெர்ட்டர் வாங்கிப் படம் வரவழைத்தார்கள், அப்புறம் சத்தம் வரவில்லை. அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. ஸ்பீக்கரும் வாங்கினார்கள். மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விட்டது. அவ்வளவும் செய்த பிறகு அந்த அம்மா சொன்னது, "கீழே ஓடுற நியூஸ் ஒண்ணும் படிக்க முடியல தம்பி." கட்டிலிலிருந்து திரைக்கு 7 அடி. அந்தத் தூரத்துக்கு 24 இன்ச் சிறியது. தவிர எஸ்.டி. சேனல் என்றால் 576 வரிகள், அதுவும் ஒன்றுவிட்டு ஒன்றாக அனுப்பப்படுபவை. அவற்றைக் கோத்து முழுப் படமாக்கிப் பெரிதாக்குவதற்கென்றே டிவிக்குள் சர்க்யூட் இருக்கிறது. மானிட்டர் கம்ப்யூட்டருக்காகச் செய்யப்பட்டது, அந்த வேலையில் பெரும்பாலும் சுமார்தான். அந்த ரூமுக்குச் சாதாரண 32 இன்ச் டிவி எல்லா விதத்திலும் பொருந்தியிருக்கும். கையில் ஒரே ரிமோட்டும் இருந்திருக்கும்.

தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு மானிட்டர் நல்ல தேர்வு. பகலில் வேலை, ராத்திரி அதிலேயே ஓ.டி.டி. படம் காட்டும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் செருகிப் படம். ஸ்பீக்கர் இல்லாவிட்டால் ஸ்டிக்கோடு ப்ளூடூத் ஸ்பீக்கரை இணைத்துக்கொள்ளலாம். 4கே மானிட்டராக இருந்தால் ஹெச்.டி.சி.பி. 2.2 என்கிற, படத்தைக் காப்பியடிக்க விடாத பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால் ஓ.டி.டி. படங்கள் 4கே தரத்தில் வராது.

எதை வாங்கினாலும் என் அனுபவத்தில் சொல்ல வேண்டியது பேக்லைட் பற்றி. எல்.இ.டி. டிவி என்று நாம் சொல்வது பெரும்பாலும் எல்.சி.டி. பேனல்தான், அதற்குப் பின்னால் வெளிச்சம் கொடுப்பவைதான் எல்.இ.டி.கள். "சத்தம் வருது, படம் வரல" என்று வரும் டிவியில் நான் முதலில் செய்வது, விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துத் திரையில் அடிப்பது. மங்கலாக ஆள் நடமாட்டம் தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பேக்லைட் ஸ்ட்ரிப் போய்விட்டது. ஸ்ட்ரிப்பில் எல்.இ.டி.கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும், ஒன்று அறுந்தால் வரிசை மொத்தமும் இருண்டுவிடும். இப்படி வரும் டிவிகளில் அனேகமாக விவிட் மோடும் முழு பேக்லைட்டும்தான் வைக்கப்பட்டிருக்கும். கடை வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரிவதற்கான அமைப்பு அது. வீட்டுக்கு வந்த அன்றே ஸ்டாண்டர்ட் அல்லது சினிமா மோடுக்கு மாற்றி, பேக்லைட்டை 60, 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். எல்.இ.டி. சூடு குறையும், ஆயுள் கூடும், ராத்திரியில் கண்ணும் கூசாது. டிவியை மானிட்டராக நாள் முழுக்க ஓட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். லேப்டாப் தூங்கினால் மானிட்டரும் தானாகத் தூங்கிவிடும். டிவி பல நேரம் "நோ சிக்னல்" காட்டியபடி வெகுநேரம் எரிந்துகொண்டிருக்கும். பேக்லைட் இல்லாமல் புள்ளிகளே ஒளிவிடும் ஓ.எல்.இ.டி. டிவியை ஆபீஸ் வேலைக்கு வைக்காதீர்கள். டாஸ்க்பாரும் சேனல் லோகோவும் நாளடைவில் தழும்பாகப் பதிந்துவிடும் ஆபத்து அதில் உண்டு, அது பேக்லைட் மாதிரி மாற்றித் தரக்கூடிய பழுது இல்லை.

வரிக்குப் பயந்து 32 இன்ச்சில் நின்றுவிடுவதற்கும் இப்போது காரணமில்லை. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கும் மானிட்டருக்கும் 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆகிவிட்டது.

கடைக்குப் போகும்போது வீட்டில் அளந்த தூரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். அவர்கள் ஓட்டிக்காட்டும் டெமோ வீடியோவில் எல்லாத் திரையும் அழகாகத்தான் இருக்கும். உங்கள் லேப்டாப்பைச் செருகச் சொல்லி, தமிழ் எழுத்து நிறைந்த ஒரு பக்கத்தைத் திறந்து, அதே தூரத்தில் நின்று படித்துப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். சுவரில் மாட்டுவதற்கு முன் முழு வெள்ளைப் படம் ஒன்று, முழுக் கறுப்புப் படம் ஒன்று போட்டு மூலைகளைப் பாருங்கள். உள்ளே விரிசல் விட்ட பேனல் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும். மாட்டிய பிறகு சொன்னால், மாட்டும்போது உடைந்ததா, வரும்போதே உடைந்திருந்ததா என்ற தகராறுதான் மிஞ்சும்.