டன்மாக்கு: குண்டுத் திரையா, கணைத்திரையா?

சீன வீடியோத் தளம் ஒன்றை முதன்முறை திறப்பவர்கள் பெரும்பாலும் தேடுவது ஒரே பொத்தானைத்தான்: இந்த எழுத்துகளை எப்படி நிறுத்துவது? படத்தின் மேலேயே, வலமிருந்து இடமாக, பார்வையாளர்களின் கருத்துகள் வரிவரியாக ஓடுகின்றன. சில நேரம் நாயகனின் முகமே தெரியாது. பழகியவர்களுக்கோ அந்த ஓட்டம் இல்லாத வீடியோ சப்பென்று இருக்கும்.

ஜப்பானியத்தில் இதன் பெயர் டன்மாக்கு. சீனத்தில் டான்மூ. இரண்டுக்கும் மூலம் ஒரே ஜோடி எழுத்துகள்தான். முதலாவது குண்டு, இரண்டாவது திரைச்சீலை. சேர்த்தால் குண்டுத் திரை. எதிரி முன்னேற முடியாதபடி இடைவிடாமல் சுட்டு, குண்டுகளாலேயே ஒரு மறைப்பு எழுப்புவதைக் குறித்த போர்க்களச் சொல் அது. 1990களில் வந்த ஒரு வகைச் சுடும் வீடியோ கேம்களுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. திரை முழுக்கக் குண்டுகள் கோலம்போல விரியும். நடுவில் கிடைக்கும் மயிரிழை இடைவெளியில் நம் விமானத்தை நுழைத்துத் தப்ப வேண்டும்.

2006 டிசம்பரில் ஜப்பானில் நிக்கோநிக்கோ தளம் தொடங்கியது. வீடியோ மேலேயே கருத்து ஓடவிட்டதுதான் அதன் புதுமை. நல்ல கட்டம் வந்தால் எல்லாரும் எழுதித் தள்ள, படமே மூடிப்போகும். அந்த கேம்களை ஆடிய தலைமுறைக்கு அதைப் பார்த்தால் வேறென்ன நினைவுக்கு வரும்? அந்த நெரிசலுக்குத்தான் டன்மாக்கு என்று பெயர் வந்தது. தனியாக ஒரு வரி ஓடினால் அது வெறும் கருத்து. 2007இல் தொடங்கிய ஏசிஃபன், 2009இல் தொடங்கிய பிலிபிலி ஆகிய வீடியோத் தளங்கள் வழியாக வழக்கம் சீனாவுக்குப் போனதும் பொருள் விரிந்துவிட்டது. அங்கே ஒற்றை வரி ஓடினாலும் டான்மூதான். ஒரு வேடிக்கை: அந்த முதல் எழுத்துக்குச் சீனத்தில் இன்னோர் ஒலிப்பும் உண்டு, அப்போது அது நரம்புக் கருவியை மீட்டுவதைக் குறிக்கும். சீனர்களிலேயே பலர் குண்டை விட்டுவிட்டு அந்த மீட்டலின் ஒலிப்பில்தான் சொல்கிறார்கள்.

இதை நேரலை அரட்டையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே கருத்து முடிச்சுப் போடப்படுவது கடிகாரத்தோடு அல்ல, வீடியோவின் நொடியோடு. 3 நிமிடம் 12ஆம் நொடியில் நீங்கள் ‘ஐயோ’ என்று எழுதினால், இரண்டு வருடம் கழித்துப் பார்ப்பவருக்கும் அதே இடத்தில் ‘ஐயோ’ ஓடும். நள்ளிரவில் தனியாகப் பார்ப்பவருக்கும் பக்கத்தில் கூட்டம் இருப்பதுபோலத் தோன்றுவது இதனால்தான். ஜப்பானிய ஆய்வாளர் ஹமானோ சதோஷி இதைப் ‘போலி உடனிகழ்வு’ என்றார்.

வரி சில நொடிதான் தங்கும் என்பதால் மொழியும் சுருங்கிவிட்டது. ஜப்பானில் கைதட்ட 8888. எட்டு அங்கே ‘ஹச்சி’, தட்டும் ஓசை ‘பச்சிபச்சி’. சிரிப்புக்கு டபிள்யூ எழுத்தை வரிசையாகத் தட்டுவார்கள். அது புல் முளைத்ததுபோல இருக்கிறதே என்று, அப்புறம் ‘புல்’ என்றாலே சிரிப்பு என்றாகிவிட்டது. சீனாவில் 666 என்றால் பிரமாதம். எனக்குப் பிடித்தது பேய்ப்பட வழக்கம். ஏற்கெனவே பார்த்தவர்கள் ‘முன்னால் உச்ச ஆற்றல்’ என்று சற்று முன்பே எச்சரிப்பார்கள். பேய் வரும் நொடியில் ஆளாளுக்கு வண்ண எழுத்துகளை அள்ளி வீசிப் பேயையே மறைத்துவிடுவார்கள். ‘உடல் காக்கும் டான்மூ’ என்று அதற்குப் பெயர்.

சரி, தமிழில்? ‘ஓடும் கருத்து’ என்றால் புரியும், ஆனால் செய்திச் சேனலின் அடியில் ஓடும் பட்டையும் கண்முன் வந்துவிடுகிறது. ‘தோட்டாத் திரை’யில் மொழிபெயர்ப்பு வாடை. பொருளுக்கு மிக நெருங்கி நிற்பது ‘சரமாரி’. சரம் அம்பு, மாரி மழை. போர்க்களத்தில் பிறந்து, ‘நிருபர்கள் சரமாரியாகக் கேள்வி கேட்டனர்’ என்று பேச்சுக்குள் குடிவந்த சொல். டன்மாக்கு நடந்த அதே பாதை. ஆனால் அது ‘ஆக’ இல்லாமல் தனியே நிற்கத் தயங்குகிறது. ‘ஒரு சரமாரி அனுப்பினேன்’ என்று யார் சொல்வார்கள்?

அதனால் என் தேர்வு ‘கணைத்திரை’. கணை என்றால் அம்பு. திரை என்பது மறைக்கும் சீலையும்தான், படம் ஓடும் திரையும்தான், புரண்டு வரும் கடலலையும்தான். சீனத்தின் அந்த இரண்டாம் எழுத்தும் சீலைக்கும் சினிமாத் திரைக்கும் பொதுவாக வரும் என்பதால் பொருத்தம் இன்னும் கூடுகிறது. பேயை மறைக்கும் அந்த எழுத்து மூட்டத்துக்கோ புதிதாக எதுவும் வேண்டாம். காண்டவ வனம் எரிந்தபோது இந்திரனின் மழை உள்ளே விழாதபடி அர்ச்சுனன் அம்புகளாலேயே கட்டிய பந்தலுக்குச் ‘சரக்கூடம்’ என்று பெயர் இருக்கிறது.

தனி வரி ஒன்றைக் ‘கணை’ என்றே சொல்லலாம். ‘3:12இல் ஒரு கணை விட்டிருக்கிறேன், பார்’ என்றால் நாக்கில் இடறவில்லை. முதலில் தேடிய அந்தப் பொத்தானுக்கு: ‘கணைத்திரையை விலக்கு’.