காமாலைக் குழந்தையை ஏன் நீல வெளிச்சத்தில் வைக்கிறார்கள்?

"பிறந்து நாலு நாள் ஆன குழந்தைக்கு லேசாக மஞ்சள் தெரிகிறது. காலை வெயிலில் காட்டினால் போதாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிலேயே பாதிக்கு மேல் முதல் வாரத்தில் மஞ்சளாகத்தான் தெரியும். பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. பச்சிளம் குழந்தைக்குச் சிவப்பணுக்கள் அதிகம், அவற்றின் ஆயுளும் குறைவு. கல்லீரலோ இன்னும் முழு வேகத்துக்கு வரவில்லை. அதனால் மஞ்சள் தேங்குகிறது. அளவு மீறினால் அது மூளையையே பாதிக்கும்.

இந்தப் பிலிருபின் தண்ணீரில் கரையாது. அதற்கான காரணம் அழகானது. தண்ணீரோடு சேரக்கூடிய பகுதிகள் அதில் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் மூலக்கூறு மடக்கிய குடை மாதிரி தன்மேலேயே மடிந்து, அந்தப் பகுதிகளை உள்ளே மறைத்துக்கொள்கிறது. மடிப்பைப் பிடித்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். கல்லீரல் ஒரு சர்க்கரை அமிலத்தை அதனுடன் இணைத்துக் கரையவைத்து, பித்தநீரோடு குடலுக்கு அனுப்புகிறது.

அதே சிக்கலை நீல ஒளி வேறு வழியில் தீர்க்கிறது. சுமார் 460 முதல் 490 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி தோலில் ஊடுருவி, அங்குள்ள பிலிருபினில் படுகிறது. உடனே அதன் இரட்டைப் பிணைப்பு ஒன்று அரைச் சுற்று திரும்புகிறது. மூலக்கூறின் ஒரு முனை எதிர்ப்பக்கம் போய்விடுவதால் மடிப்பு நிற்க முடியாமல் விரிகிறது, மறைந்திருந்த பகுதிகள் வெளியே வருகின்றன. இனி கல்லீரல் எதையும் இணைக்க வேண்டியதில்லை, அப்படியே பித்தநீரில் போய்விடும். இன்னொரு பங்கு லூமிருபின் என்ற வேறு வடிவமாக மாறுகிறது. அது பழைய நிலைக்குத் திரும்பாது, சிறுநீரிலும் வெளியேறும். மருந்து எதுவும் இல்லாமல், வெறும் வெளிச்சத்தால் ஒரு மூலக்கூறைத் திருப்பிப்போட்டு ஒரு மூளையைக் காப்பாற்றுகிறோம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இதைத் தொடங்கிவைத்தது ஒரு செவிலியரின் கண். 1956இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில், வெயிலில் வைத்திருந்த குழந்தையின் உடல் வெளுத்து, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாக இருந்ததை சிஸ்டர் ஜீன் வார்டு கவனித்தார். 1958இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. நோயாளிகளின் பக்கத்திலேயே இருந்து வேலை பார்ப்பவர்கள் சொல்வதைப் பதிவுசெய்து சோதித்துப் பார்க்கவும் ஆராய்ச்சிப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, வெயில்தானே முதலில் வேலை செய்தது, வீட்டிலும் காட்டலாமே? வெயிலில் நீல ஒளி உண்டுதான். கூடவே புறஊதாவும் வெப்பமும் வரும். எவ்வளவு ஒளி படுகிறது என்று அளக்கவும் வழியில்லை. குழந்தைக்குத் தோல் கன்றலாம், திறந்த உடம்பு குளிர்ந்தும் போகலாம். எல்லாவற்றையும்விட, வெயிலை நம்பி ரத்தப் பரிசோதனை தள்ளிப்போவதுதான் ஆபத்து. அளவு மிக அதிகமானால் பிலிருபின் மூளைக்குள் படிந்து, செவித்திறனையும் உடல் அசைவுகளையும் நிரந்தரமாகக் கெடுக்கும்.

வீட்டில் செய்ய வேண்டிய பெரிய வேலை பால் கொடுப்பது. ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை, தூங்கினால் எழுப்பியாவது கொடுங்கள். குடலுக்கு வந்த பிலிருபின் மலத்தோடு போகாமல் தங்கினால் மறுபடி ரத்தத்துக்கே ஏறிவிடும். பால் உள்ளே போகப் போகத்தான் மலம் போகும். தண்ணீரோ குளுக்கோஸ் தண்ணீரோ இதற்கு உதவாது, பால் குடிப்பதைத்தான் குறைக்கும்.

ஒளி சிகிச்சை முடிந்து வந்த குழந்தையின் நிறத்தை நம்பாதீர்கள். தோல் வெளுத்திருந்தாலும் ரத்தத்தில் அளவு கூடுதலாக இருக்கலாம். மருத்துவர் சொன்ன நாளில் பரிசோதனைக்குப் போய்விடுங்கள்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, மஞ்சள் உள்ளங்கால்வரை இறங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, கீச்சென்று அழுது உடம்பை வில்லாக வளைத்தாலோ, உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தால், அல்லது மலம் வெளிறிப் போனால், அது பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவைசிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால் பலன் அதிகம்.