செல்லாத வாதம்

"ஏனுங்க சார், இதுல யாரு யாரோட வாதாடறாங்க?"

திருப்பூரில் பனியன் கம்பெனி ஆட்கள் சிலருக்கு ஞாயிறு சாயங்காலம் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தைச் சொல்லிக் கொடுக்கிறேன். கேட்டவர் ஒரு நிட்டிங் யூனிட்டில் சூப்பர்வைசர். எங்கிருந்தோ பிரிண்ட் போட்டு வந்த தமிழ்ப் பயிற்சித்தாளை நீட்டினார். பிழைச்செய்திகள் என்ற தலைப்பின் கீழே 'செல்லாத வாதம்' என்று ஒன்று. இரண்டு வரி தள்ளி 'வாதப் பட்டியல் மிக நீளமானது' என்று இன்னொன்று. எங்கள் பக்கம் வாதம் என்றால் ஒன்று கோர்ட்டில் நடப்பது, இல்லாவிட்டால் கைகால் விளங்காமல் போவது. பக்கத்து பெஞ்சுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க அப்பாருக்கு இருக்குதுங்க" என்றார். அன்றைய வகுப்பு அதோடு முடிந்தது.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் ஆர்கியுமென்ட் என்ற சொல்லுக்கு 'வாதம்' என்று எழுதுவதை எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன். மூலச்சொல் எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் யாரும் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

பொருள் எளிது. கட்டளை வரியில், அதாவது எழுத்தாகத் தட்டி வேலை வாங்கும் இடத்தில், ஒரு நிரலின் (புரோகிராமின்) பெயரைத் தட்டுகிறோம். அதன் பின்னால் இடைவெளி விட்டு விட்டு எழுதுகிற ஒவ்வொரு சொல்லும் ஆர்கியுமென்ட். ஐகானைச் சொடுக்கினால் லிப்ரே ஆபீஸ் என்ற ஆவண நிரல் தன் வழக்கப்படி திறக்கும். கட்டளை வரியில் அதன் பெயர் சாஃபீஸ். அங்கே 'சாஃபீஸ் --ஹெட்லெஸ் --கன்வர்ட்-டு பிடிஎஃப் பில்.ஓடிடி' என்று தட்டினால் ஜன்னலே திறக்காமல் பில்லை பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். நிரல் ஒன்றுதான், கூடச் சொன்ன சொற்கள்தான் வேறு.

சொல்லின் வேர் லத்தீன் 'அர்குவேரே'. தெளிவாகக் காட்டு, மெய்ப்பி என்று பொருள். வெள்ளியைக் குறிக்கும் 'அர்ஜென்டும்' இதற்கு உறவு என்பார்கள், பளிச்சென்று தெரிவது என்ற கருத்தில். காட்டி நிறுவுவது ஒரு கிளையில் வழக்காடுவதாக வளர்ந்தது. இன்னொரு கிளை வானியலுக்குப் போனது. கோள்களின் இருப்பைப் பார்க்கும் அட்டவணையில் எந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைகிறோமோ அந்த எண்ணுக்கு அங்கே ஆர்கியுமென்ட் என்று பெயர். அங்கிருந்து கணிதத்துக்கு, கணிதத்திலிருந்து நிரல்மொழிக்கு. சி மொழியில் 'ஆர்க்-சி' (ஆர்கியுமென்ட் எத்தனை), 'ஆர்க்-வி' (அவற்றின் பட்டியல்) என்று படிக்கிறோமே, அது இந்தக் கிளையில் வந்தது. சண்டை இதில் எங்கேயும் இல்லை.

'வாதம்' வடமொழி என்பதால் எதிர்க்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். விளங்குகிற வடசொல் இருந்தால் எனக்குச் சம்மதமே. இது விளங்கவில்லை. 'செல்லாத வாதம்' என்று பெயர்த்த லினக்ஸின் 22ஆம் எண் பிழை சொல்வது 'நீ கொடுத்தது எனக்கு ஒத்துவரவில்லை' என்பதை. 'வாதப் பட்டியல்' என்ற 7ஆம் எண் பிழை சொல்வது 'இத்தனையை ஒரே மூச்சில் கொடுக்காதே' என்பதை. 'வாதப் பட்டியல் நீளம்' என்று படிப்பவன் வாய்தா வாங்கத்தான் போவான்.

வாதத்தை விட்டால் இரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் 'தருமதிப்பு'. வினைத்தொகை. யார் யாருக்குத் தரும் மதிப்பு? நாம் நிரலுக்குத் தருவதா, நிரல் வேலையை முடித்துவிட்டு நமக்குத் திருப்பித் தருவதா? இரண்டாவதற்கு ஆங்கிலத்தில் தனியாக 'ரிட்டர்ன் வேல்யூ' என்று ஒன்று இருக்கிறது. போகிறதையும் வருகிறதையும் ஒரே சொல்லால் குறிக்க முடிகிற கலைச்சொல் எதற்கு? போதாததற்கு வேகமாகப் படித்தால் தரும மதிப்பு என்று கோயில் உண்டியல் கணக்குப் போலக் கேட்கிறது.

மற்றவர் 'செயலுருபு'. பள்ளிக் கணினிப் பாடநூலில் இருப்பதால் பிள்ளைகள் வாயில் புகுந்துவிட்டது. இதில்தான் எனக்குக் கூடுதல் வருத்தம், ஏனென்றால் இதை ஆக்கியவர் சரியான தோட்டத்துக்குள் போய்த் தப்பான காயைப் பறித்திருக்கிறார். இலக்கணத்தில் உருபு என்பது என்ன? 'ஐ', 'ஆல்', 'கு'. தனியாக நின்றால் அதற்குப் பொருளில்லை. பெயரோடு ஒட்டிக்கொண்டு, அந்தப் பெயர் வினைக்கு என்ன உறவு என்று காட்டும். ஆர்கியுமென்ட் அந்தப் பெயர். உருபு அதில் ஒட்டுகிற வால். மாட்டை விட்டுவிட்டுக் கயிற்றுக்கு மாடென்று பேர் வைத்த கதை.

அந்தத் தோட்டத்திலேயே சரியான காயும் இருந்தது. சூப்பர்வைசர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்த துண்டுச்சீட்டில்தான் அதை நான் பார்த்தேன். மெஷினுக்குக் கொடுக்கும் அந்தச் சீட்டை அவர்கள் புரோகிராம் என்றே சொல்கிறார்கள். 30ஸ் நூல், 24 டயா (மெஷின் விட்டம்), 24 கேஜ் (ஊசி நெருக்கம்), 160 ஜிஎஸ்எம் (துணி எடை) என்று எழுதியிருந்தது. "டயா, கேஜுன்னு எழுதாம வெறும் 24, 24, 160ன்னு குடுத்தா ஓட்டுவீங்களா?" என்று கேட்டேன். "எந்த 24 எதுன்னு எப்படீங்க தெரியும்? வரிசை முன்னாடியே பேசி வெச்சிருந்தா ஓட்டலாம்" என்றார்.

கட்டளை வரியின் பாதி இலக்கணத்தை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். 'சிபி' என்பது நகலெடுக்கும் கட்டளை. 'சிபி படம் பேக்கப்' என்றால் எது எங்கே போகிறது என்பதை வரிசைதான் சொல்கிறது. மாற்றிப் போட்டால் வேறு வேலை நடக்கும். அதே கட்டளையில் '-டி பேக்கப்' என்று எழுதிவிட்டால் பேக்கப் போய்ச்சேர வேண்டிய இடம் என்று தெரிந்துவிடும். அப்புறம் அதை முன்னால் எழுதினாலும் பின்னால் எழுதினாலும் ஒன்றுதான். அந்த '-டி' அசலான நான்காம் வேற்றுமை உருபு, பேக்கப்புக்கு என்பதில் வரும் 'கு'. மாமன் மச்சானை அடித்தான் என்றாலும் மச்சானை மாமன் அடித்தான் என்றாலும் அடி விழுவது மச்சானுக்குத்தான் அல்லவா?

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று எங்கள் பக்கம் சொல்வோம். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்ற ஆறையும் தருவது வினை என்று அவர் அப்போதே எழுதி வைத்துவிட்டார். கட்டளை என்பதும் ஒரு வினைதானே. கோப்புகளை ஒன்றாகக் கட்டும் 'டார்' கட்டளையில் பெரிய சி போட்டு ஒரு ஃபோல்டர் பெயரைக் கொடுத்தால் அது நிலம். கட்டப்படும் கோப்பு செய்பொருள். இவ்வளவும் வீட்டில் இருக்க, அடுத்த வீட்டு அகராதியில் முதல் வரியில் இருக்கும் பொருளை மட்டும் பார்த்து 'வாதம்' என்று எழுதுகிற மொழிபெயர்ப்பாளரை என்னவென்று சொல்வது?

ஆக நான் வகுப்பில் சொல்வது இப்படி. கட்டளையோடு கூடப் போகும் எல்லாமே 'உடன்சொல்'. அதில் எப்படிச் செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்கிற '-ஆர்' (உள்ளே இருக்கும் ஃபோல்டர்களையும் சேர்த்துச் செய்), '--ஹெட்லெஸ்' மாதிரியானவை வினையடை, சுருக்கமாக 'அடை'. தனக்குப் பின்னால் ஒரு மதிப்பைக் கேட்கிற '-டி' மாதிரியானவை 'உருபு'. வேலைக்கு உள்ளாகிற கோப்பு, ஃபோல்டர் எல்லாம் 'செய்பொருள்'. செல்லாத வாதத்துக்குப் பதில் 'உடன்சொல் பொருந்தவில்லை' என்று எழுதலாம். அடை என்றதும் பின்பெஞ்சில் "தேங்காச் சட்னி உண்டுங்களா?" என்று ஒரு குரல் கேட்கும். கேட்டுவிட்டுப் போகட்டும். அடைமொழி என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது யாருக்கும் பசிக்கவில்லை.

அடையை 'கொடி' என்று எழுதுகிறவர்கள் தனி. ஃபிளாக் என்பதை அப்படியே பெயர்த்துவிட்டார்கள். '-ஆர் கொடியுடன் இயக்கவும்' என்றால் ஏதோ கட்சி ஊர்வலம். விண்டோசுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்தில் நாங்கள் கோயமுத்தூரில் கோப்புப் பட்டியல் கேட்க 'டிஐஆர் ஸ்லாஷ் பி' என்று படித்தபோது இதற்கு சுவிட்ச் என்று பெயர். அந்தச் சாய்கோட்டை சுவிட்ச் ஏற்கெனவே பிடித்துக்கொண்டதால்தான் 1983ல் டாஸ் 2.0க்கு ஃபோல்டர் வசதி வந்தபோது பாதைக்குத் தலைகீழ்ச் சாய்கோடு போட வேண்டியதாயிற்று.

நிரலை லாஞ்ச் செய்வதை 'ஏவு' என்பதும் எனக்கு ஒப்பவில்லை. ராக்கெட்டை ஏவட்டும். எங்கள் பக்கம் ஏவல் என்றால் பில்லி சூனியத்தோடு சேர்ந்து வரும் ஏவல். 'பயர்பாக்ஸை ஏவுக' என்று படித்துவிட்டு எங்கள் ஆத்தா எலுமிச்சம்பழம் எடுக்கப் போனால் நான் பொறுப்பில்லை. 'திற', 'ஓட்டு' என்ற சொற்களெல்லாம் எங்கே போயின? தறி ஓட்டுகிறோம், மெஷின் ஓட்டுகிறோம், நிரலை ஓட்டினால் என்ன குறைந்துபோகும்?

என் ஏற்பாட்டிலும் ஒரு ஓட்டை உண்டு. அதைக் கண்டுபிடித்தவரும் அதே சூப்பர்வைசர்தான். சி நிரலில் ஆர்க்-வி பட்டியலை 0 முதல் எண்ணுவார்கள். வழக்கமாக அந்த 0ஆம் இடத்தில் உட்கார்ந்திருப்பது நிரலின் பெயர். "கட்டளையோட கூடப் போறதுதான் உடன்சொல்லுன்னீங்க. கட்டளையே அந்த லிஸ்ட்ல இருக்குதுங்களே?" என்றார். வினையே தனக்கு உடன்சொல்லாக எப்படி இருக்கும்? இப்போதைக்கு அந்த 0ஆம் ஆளுக்கு மட்டும் கட்டளைப்பெயர் என்று போர்டில் எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.