வெளிநாட்டுக் கிரிக்கெட்: விமானம் ஏறும் முன் எண்ண வேண்டிய ஆண்டுகள்

கடந்த பிப்ரவரியில் ஒரு மாலை, சென்னையில் நான் பயிற்சி அளிக்கும் கிளப்பின் வலைகளுக்கு அருகே, 19 வயது இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் ஒருவரின் தந்தை இரண்டு பக்கத் தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வட இங்கிலாந்தில் ஒரு கிளப்புக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆட வாய்ப்பு என்றும், தங்க அறையும் வாரச் சம்பளமும் உண்டு என்றும், ஏஜென்ட்டுக்கு முன்பணம் செலுத்த வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. "அங்கேயே தொடர்ந்து ஆடினால் இங்கிலாந்து அணிக்கே போய்விடலாமாமே, சார்?" என்று கேட்டார். கடன் வாங்கியாவது அனுப்பிவிட அவர் தயாராக இருந்தார்.

இந்தக் கேள்வியை ஆண்டுதோறும் நான்கைந்து பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். ஒரு பருவம் வெளிநாட்டில் ஆடிவிட்டுத் திரும்புவது ஒன்று, நாட்டையே மாற்றிக்கொள்வது முற்றிலும் வேறொன்று என்பதைப் பிரித்துப் பார்க்காமல் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல நல்ல பிள்ளைகளின் ஆண்டுகள் வீணாகின்றன.

ஒரு பருவம் ஆடுவதால் கிடைக்கும் பலன் உண்மையானது. இங்கே எஸ்ஜி நிறுவனப் பந்தில் பழகிய கைக்கு அங்கே டியூக்ஸ் என்ற வேறு நிறுவனப் பந்து. ஏப்ரல் குளிரில் விரல் மரத்துப்போய், பந்தின் தையலைப் பிடிக்கவே முடியாத நிலை. ஈரமான ஆடுகளத்தில் நின்று வரும் பந்து. வெளிநாட்டு வீரராக வந்தவர் என்பதால் நாற்பது ரன்னும் மூன்று விக்கெட்டும் எடுத்தே ஆக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஒவ்வொரு சனிக்கிழமையும் தோளில் ஏறி உட்காரும். பெரும்பாலான கிளப்களில் வாரநாள்களில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அவர் பொறுப்பே. சமைக்கவும் தனிமையைத் தாங்கவும் கற்றுக்கொண்டு திரும்பும் பிள்ளையிடம் ஆட்டத்தில் தெரியும் முதிர்ச்சியை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கவுண்டி (இங்கிலாந்தின் உள்நாட்டு மாவட்ட அணிகள்) அளவில், நம் தமிழக பேட்ஸ்மேன் சாய் சுதர்சன் 2023-லும் 2024-லும் சர்ரே அணிக்கு ஆடியது, 2025 ஜூனில் லீட்ஸில் அவர் டெஸ்ட் அரங்கில் அடியெடுத்து வைப்பதற்கு முன்பே அந்த மண்ணை அவருக்கு அறிமுகப்படுத்தியிருந்தது.

ஆயினும் நான் மாணவர்களுக்கு அதிகம் சொல்வது சைமன் ஹார்மரைப் பற்றித்தான். 2015-ல் தென்னாப்பிரிக்காவுக்காக ஐந்து டெஸ்ட் ஆடிவிட்டு அணியில் இடம் இழந்த இந்த ஆஃப் ஸ்பின்னர், 2017-ல், வெளிநாட்டவர் ஒதுக்கீட்டில் சேராமல் உள்ளூர் வீரர்போல் கவுண்டியில் ஆட அனுமதித்த கோல்பாக் ஒப்பந்தத்தில் எஸ்ஸெக்ஸ் கவுண்டிக்குச் சென்றார். அந்த ஒப்பந்தத்தில் இருக்கும்வரை சொந்த நாட்டு அணிக்கு ஆட முடியாது என்பது அதற்குக் கொடுத்த விலை. சுழலுக்கு உதவாது என்று பெயர்பெற்ற நாட்டில் பருவம் பருவமாக நீண்ட ஓவர்களை வீசி, 2017-லும் 2019-லும் எஸ்ஸெக்ஸ் கவுண்டி சாம்பியன் ஆவதற்குப் பெரும் காரணமாக இருந்தார். 2020 முடிவில் கோல்பாக் முறை முடிவுக்கு வந்த பிறகு மீண்டும் தென்னாப்பிரிக்க அணிக்குள் நுழைந்த அவர், 2025 நவம்பரில் கொல்கத்தாவிலும் குவாஹாத்தியிலும் இரண்டே டெஸ்ட்களில் 17 விக்கெட் வீழ்த்தி நம்மை நம் மண்ணிலேயே தோற்கடித்தார். இடம்பெயர்வு அவருக்குக் கொடுத்தது ஓவர்கள். ஒரு சுழற்பந்து வீச்சாளருக்கு அதைவிடப் பெரிய செல்வம் வேறு இல்லை என்பது என் கருத்து.

ஆனால் இழப்பையும் கணக்கில் எழுத வேண்டும். இங்கிலாந்துப் பருவம் நடக்கும் அதே மாதங்களில்தான் இங்கே டிஎன்பிஎல் என்ற தமிழ்நாட்டு டி20 லீக் நடக்கிறது. பல நாள் ஆட்டங்கள் கொண்ட புச்சி பாபு தொடரும் வருகிறது. ஐபிஎல் அணிகளின் கண்கள் டிஎன்பிஎல் ஆட்டங்களின் மேல் இருக்கும். டிஎன்பிஎல் அணியில் இடம்பெறும் நிலையில் உள்ள பிள்ளையை ஒரு சிற்றூர் லீகுக்கு அனுப்புவதை நான் வெளிப்படையாகவே எதிர்ப்பேன்.

நாட்டை மாற்றுவது என்றால் விதிகளே ஆட்டத்தின் பாதி. ஒரு நாட்டில் பிறந்திருப்பது, அதன் குடியுரிமை, மூன்றாண்டு நிரந்தர வசிப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அந்நாட்டுக்கு ஆட ஐசிசி (சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில்) வழிவிடுகிறது. இங்கிலாந்தோ பிரிட்டிஷ் குடியுரிமையும் கேட்கிறது. அங்கே பிறக்காதவர் மூன்று ஆண்டுகள் வசித்திருக்கவும் வேண்டும். வசிப்புக் காலத்தை இங்கிலாந்து வாரியம் 2018-ல் ஏழிலிருந்து மூன்றாகக் குறைத்ததால்தான், பார்படோஸில் பிறந்து தந்தை வழியில் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற ஜோஃப்ரா ஆர்ச்சர் 2019 உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் சூப்பர் ஓவரை (சமனில் முடிந்த ஆட்டத்தில் வெற்றியாளரைத் தீர்மானிக்கும் கூடுதல் ஓவர்) வீச முடிந்தது. பழைய விதி நீடித்திருந்தால் அவர் 2022 வரை காத்திருக்க நேர்ந்திருக்கும். லாகூரில் பிறந்த இம்ரான் தாஹிர் தென்னாப்பிரிக்காவுக்காக முதல் சர்வதேசப் போட்டி ஆடியபோது அவருக்கு வயது 31.

இந்திய ஆண் வீரர்களுக்கு இன்னொரு மூடிய கதவும் இருக்கிறது. வெளிநாட்டு டி20 லீகில் ஆட விரும்பினால், ஐபிஎல் உட்பட இந்தியக் கிரிக்கெட் அனைத்திலிருந்தும் ஓய்வு பெற வேண்டும் என்பது பிசிசிஐயின் (இந்தியக் கிரிக்கெட் வாரியம்) நிலைப்பாடு. (மகளிருக்கு இந்தத் தடை இல்லை, ஆஸ்திரேலிய மகளிர் லீகில் நம் வீராங்கனைகள் பல ஆண்டுகளாக ஆடுகிறார்கள்.) 2012-ல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஆட்டமிழக்காமல் 111 ரன் எடுத்த கேப்டன் உன்முக்த் சந்த், 28 வயதில் இங்கே விடைபெற்று அமெரிக்கா சென்றார். 2024 டி20 உலகக் கோப்பைக்கான அமெரிக்க அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அதே அணியில் ஆடிய சௌரப் நேத்ரவால்கரோ 2015-ல் கிரிக்கெட்டுக்காக அமெரிக்கா செல்லவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் முதுகலை படிக்கச் சென்றார். மென்பொருள் வேலை கையில் இருந்ததால் காத்திருக்க முடிந்தது. டல்லஸில் பாகிஸ்தானுக்கு எதிரான சூப்பர் ஓவரை வீசி வென்றவரும், அடுத்த வாரம் நியூயார்க்கில் விராட் கோலியை முதல் பந்திலேயே வீழ்த்தியவரும் அவரே. ஆட்டத்தை மட்டும் நம்பிப் போவதற்கும், சோறு போடும் ஒரு படிப்போடு போவதற்கும் உள்ள வேறுபாட்டை நான் இந்த இருவரையும் வைத்தே விளக்குகிறேன். போய்ச் சேரும் நாட்டின் வாரியமும் உறுதியாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது; அமெரிக்க வாரியத்தின் உறுப்பினர் தகுதியை ஐசிசி 2025 செப்டம்பரில் இடைநிறுத்தியது.

அந்தத் தந்தையின் தாளுக்கு வருகிறேன். முதல் பக்கத்தில் "விசிட்டர் விசா" என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில் வாரச் சம்பளம் பவுண்டில் இருந்தது. இரண்டு வரிகளின் மீதும் விரல் வைத்துக் காட்டினேன். பார்வையாளர் விசாவில் சென்று சம்பளம் வாங்கி ஆட முடியாது. பணத்துக்கு ஆட வேண்டுமானால் விளையாட்டு வீரருக்கான விசாவும், அதற்கு அந்நாட்டு வாரியத்தின் ஒப்புதலும் தேவை. பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுவதோடு, அடுத்த விசா விண்ணப்பமும் சிக்கலாகும். காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்று அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. தோள்பட்டை தேய்ந்து திரும்பி வந்த ஒரு மாணவரின் சிகிச்சைக்கு அவர் குடும்பம் நகையை அடகு வைத்ததை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆகவே காப்பீடு, தங்குமிட முகவரி, திரும்பும் பயணச்சீட்டு, மாநிலச் சங்கத்தின் தடையின்மைச் சான்று ஆகிய அனைத்தும் எழுத்தில் வந்த பிறகே பணத்தைப் பற்றிப் பேசுங்கள். அதுவும் ஏஜென்ட்டிடம் அல்ல, கிளப்பின் செயலாளரிடம் நேரடியாக.

முன்பணம் கட்டாமலே அந்தத் தந்தை அந்த வாய்ப்பை விட்டுவிட்டார். அவர் மகன் இந்த ஆண்டு இங்கேயே முதல் டிவிஷன் லீகில் வீசுகிறார், பி.காம். இறுதித் தேர்வும் எழுதுகிறார். அடுத்த ஏப்ரலுக்கு வேறொரு கிளப்பின் செயலாளருக்குத் தானே கடிதம் எழுதியிருக்கிறார். காப்பீடு பற்றிய கேள்வியைத்தான் முதலில் கேட்டிருந்தார்.