தீர்ப்பு நாளுக்கு முன்பே குறைந்துவிடும் தண்டனை

“ஏனுங்க சார், எம்பட பல்லு ரெண்டும் போச்சு, அவனுக்கு ரெண்டாயிரம் ரூவாயோட முடிஞ்சுதுங்களா?”

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் இடையிலுள்ள ஊரொன்றில் விசைத்தறி ஓட்டும் ஒருவர் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்து கேட்ட கேள்வி இது. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரவு ஷிஃப்ட் முடித்து, விடியற்காலையில் பேக்கரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவரை முன்பின் அறியாத ஓர் இளைஞன் போதையில் வந்து முகத்தில் குத்தியிருக்கிறான். பின்னர் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதால், நீதிமன்றம் கலையும் வரை சிறையும் 2,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. நீதிமன்றம் கலையும் வரை சிறை என்றால், நடைமுறையில் மாலை வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போவதுதான். வழக்கு எடுக்கப்பட்ட தேதிகூட அடிபட்டவருக்குத் தெரியவில்லை.

அவருடைய கோபம் தண்டனை விதித்த நடுவர் (மாஜிஸ்திரேட்) மீது இருந்தது. வழக்குக் கட்டுகளை வாங்கிப் படித்தபோது, அந்த ஆவணங்களை வைத்துக்கொண்டு எந்த நடுவரும் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

முதல் தகவல் அறிக்கையின் முதல் பத்தியிலேயே வழக்கு இளைத்துவிட்டது. “இருவருக்கும் வாய்த்தகராறு ஏற்பட்டு, ஆபாசமாகத் திட்டி, கையால் அடித்து, மிரட்டல் விடுத்து” என்ற வாசகம் நம் காவல் நிலையங்களில் ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்ட ஒன்று. அதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணக் காயம் விளைவிப்பதற்கான 115(2), அதாவது பழைய சட்டத்தின் 323, நடுவரின் அனுமதியின்றிக் காவல் துறை புலனாய்வு செய்ய முடியாத குற்றம் என்பதால், வழக்குப் பதிய வேண்டுமானால் ஆபாசச் சொல்லுக்கான 296(b) போன்ற பிரிவொன்றும் கூடவே சேர வேண்டியிருக்கிறது. திட்டு வந்தால் தகராறு வரும். தகராறு வந்தால் இரண்டு தரப்பு வரும். காரணமில்லாமல் ஒருவன் அடிப்பான் என்பதை எழுதுபவரின் கை நம்ப மறுக்கிறது. முன்விரோதம் இல்லையென்றால் வாய்த்தகராறாவது இருந்தாக வேண்டும் என்று தானே நிரப்பிக்கொள்கிறது. “நா அவம் மூஞ்சியக்கூடப் பாக்கலீங்க” என்று சொன்ன மனிதரின் கையெழுத்து, அவர் தகராறு செய்ததாகக் கூறும் தாளின் அடியில் இருந்தது.

இந்த ஒரு சொல்லின் விலை என்ன என்பதைச் சட்டத்திலேயே பார்க்கலாம். திடீரென்று கடுமையாகத் தூண்டப்பட்டுச் சாதாரணக் காயம் விளைவித்தால் 122(1)இன்படி அதிகபட்சச் சிறை ஒரே மாதம். தூண்டுதல் இல்லாவிட்டால் 115(2)இன்படி ஓராண்டு. வாய்த்தகராறு என்று எழுதிவிட்டாலே சட்டம் சொல்லும் கடுமையான தூண்டுதல் ஆகிவிடாது என்றாலும், தண்டனையைக் குறைக்கக் கேட்கும் வக்கீலுக்கு அந்த வரி போதும். நேரில் கண்ட சாட்சி நம்பத்தக்கதாக இருந்தால் நோக்கத்தை நிரூபிக்க வேண்டியதில்லை என்பது நெடுங்காலமாக நிலைபெற்ற கருத்து. ஆகவே, “காரணம் எதுவுமில்லை, அவரை எனக்கு முன்பின் தெரியாது” என்று புகாரில் எழுதத் தயங்க வேண்டியதில்லை. படித்துக் காட்டச் சொல்லி, தேவையானால் திருத்தச் சொல்லி, அதன் பிறகே கையெழுத்திடுங்கள்.

அடுத்தது பல். 116ஆம் பிரிவு கொடுங்காயம் என்று எண்ணும் 8 வகைகளில் எலும்பு அல்லது பல் முறிவதும் இடம்பெயர்வதும் ஒன்று. கொடுங்காயத்துக்கு 117(2)இன்படி 7 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவின் விபத்துப் பதிவேட்டில், நாம் ஏ.ஆர். காப்பி என்கிறோமே அதில், “உதட்டில் வீக்கம், இரத்தக் கசிவு” என்று மட்டும் பதிவாகியிருந்தது. பல் மருத்துவரின் கருத்து கேட்கப்படவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் தனியார் பல் மருத்துவரிடம் போய் எடுத்த எக்ஸ்ரேயும் ரசீதுகளும் வீட்டு அலமாரியிலேயே கிடந்தன. யாரும் கேட்கவில்லை, கொடுக்க வேண்டும் என்று அவருக்கும் தெரியவில்லை. காயச் சான்றிதழ் சாதாரணக் காயம் என்றது. காவல் துறையின் இறுதி அறிக்கை மிரட்டல் பிரிவையும் கைவிட்டு, 115(2), 296(b) ஆகியவற்றோடு நின்றது. பல் ஆடினால் மருத்துவமனையிலேயே சொல்லிப் பதிய வையுங்கள். பிறகு கிடைக்கும் மருத்துவ ஆவணங்களை எழுத்துமூலமாகப் புலனாய்வு அதிகாரியிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இறுதி அறிக்கை தாக்கலான பின்னும் மேல் புலனாய்வு கோர வழியுண்டு. தீர்ப்புக்கு முன் நீதிமன்றம் குற்றச்சாட்டை மாற்றவும் முடியும்.

சரியான பிரிவு சேர்ந்தாலும் 7 ஆண்டு கிடைத்துவிடாது. முதல் வகுப்பு நடுவர் தானாக விதிக்கக்கூடிய சிறை 3 ஆண்டுகள்தான். அதற்குள் எவ்வளவு என்பதற்கு அளவுகோல் ஏதுமில்லை. தண்டனை வழிகாட்டு நெறிகள் வேண்டுமென்று, குற்றவியல் நீதிமுறைச் சீர்திருத்தத்துக்கான மலிமத் குழு 2003இலேயே பரிந்துரைத்தது. முதல் குற்றம், சின்ன வயது, குடும்பத்துக்கு ஒரே சம்பாத்தியம் என்று எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், நிலை மட்டுமே மன்றத்தில் ஒலிக்கிறது. எதிரிகளுக்காக நானும் இவற்றைச் சொல்லி வாதிட்டிருக்கிறேன், அவை பொய்யுமல்ல. ஆனால் தறி ஓட்டாமல் இழந்த கூலியையும், பல் கட்டக் கடன் வாங்கியதையும் அதே மன்றத்தில் சொல்ல ஆளில்லை. பாதிக்கப்பட்டவர் அனுமதி பெற்று, அரசு உதவி வழக்கு நடத்துநருக்குத் துணையாகத் தன் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 395ஆம் பிரிவின்படி இழப்பீடும் கேட்கலாம். இழப்பீடு குறித்துக் குற்றவியல் நீதிமன்றங்கள் மனத்தைச் செலுத்தியே ஆக வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஊரில் பெரியவர்கள் பேசி ராஜியாகச் சொன்னாலும், மருத்துவச் செலவை முதலில் கணக்கெழுதிக்கொண்டு உட்காருங்கள்.

தீர்ப்புக்குப் பின் கதவு குறுகலானது. விடுதலைக்கும், குறைந்த குற்றத்தில் தண்டித்ததற்கும், இழப்பீடு போதாமைக்கும் எதிராகப் பாதிக்கப்பட்டவர் தாமே மேல்முறையீடு செய்யலாம்; தண்டனை போதாது என்பதற்காக அந்த உரிமை இல்லையென்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அதை அரசுத் தரப்புதான் செய்ய வேண்டும். அப்படிச் செய்யச் சொல்லி இவருக்காகவும் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மனு ஏற்கப்பட்டாலும், அடித்ததற்காகக் கேட்க முடிவது 115(2)இன் ஓராண்டு வரம்புக்குள்தான் என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது; அவருடைய இரண்டு பற்களும் அந்த வழக்குக் கட்டில் எங்கேயும் இல்லை.