ஜெங்மிங்: ‘பேருக்கு’ என்பதன் எதிர்ச்சொல்

‘பேருக்குத்தான் அவர் தலைவர்’ என்கிறோமே, அந்தப் ‘பேருக்கு’ என்பதற்கு எதிர்ச்சொல் என்ன? தமிழில் சட்டென்று ஒன்றும் நாக்கில் வரவில்லை. சீனத்தில் கிட்டத்தட்ட ஒன்று இருக்கிறது: ஜெங்மிங். பெயருக்கு ஏற்றபடி ஆளும் இருப்பது.

‘ஜெங்’ என்றால் நேர், செம்மை. ‘மிங்’ என்றால் பெயர். மிங் எழுத்தில் மாலைப்பொழுதைக் காட்டும் குறி மேலே, வாய் கீழே. இருட்டில் முகம் தெரியாது, வாயைத் திறந்து பெயர் சொன்னால்தான் ஆள் தெரியும் என்று இதற்குக் காரணம் சொல்கிறது பழஞ்சீன அகராதி ஒன்று. ஏற்கிறோமோ இல்லையோ, அழகான விளக்கம்.

சொல்லுக்கு வாழ்வு கொடுத்தவர் சீன ஞானி கன்பூசியஸ் (கி.மு. 551–479). அன்றைய சீனத்துச் சிற்றரசுகளில் ஒன்றான வெய் நாட்டு ஆட்சியை உங்களிடம் ஒப்படைத்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று சீடர் சீலு கேட்கிறார். ‘பெயர்களை நேராக்குவேன்’ என்கிறார் ஆசான். ஊர் எரிகிற நேரத்தில் இலக்கணமா என்று சீலுவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ‘இப்படிச் சுற்றி வளைக்கிறீர்களே!’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். நாகரிகம் தெரியாதவன் என்று ஒரு திட்டு வாங்குகிறார். அப்புறம்தான் விளக்கம் வருகிறது: பெயர் நேராக இல்லாவிட்டால் பேச்சு பொருந்தாது, பேச்சு பொருந்தாவிட்டால் காரியம் நடக்காது. அப்படியே போய்த் தண்டனையும் முறை தவறும். கையைக் காலை எங்கே வைப்பது என்றே மக்களுக்குத் தெரியாமல் போகும்.

வெய் நாட்டின் அப்போதைய நிலைமை தெரிந்தால் இது சுற்றுவழிப் பேச்சே அல்ல என்பது புரியும். பட்டத்து இளவரசர் நாட்டைவிட்டு ஓடியிருந்தார். அரியணையில் அவருடைய மகன். திரும்பி வரப் பார்த்த தந்தையை மகனே தடுத்து நிறுத்தினான். இதில் அரசன் யார், தந்தை யார், மகன் யார்?

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘பெயர் திருத்தம்’ என்றால் ரேஷன் கார்டோடு இ-சேவை மையத்தில் நிற்கிற நினைவுதான் வரும். அங்கே பிழை எழுத்தில் இருக்கிறது. கன்பூசியஸ் சொல்லும் பிழை ஆளிடம் இருக்கிறது. ‘பெயர் மாற்றம்’ அதைவிட மோசம். மாற வேண்டியது பெயர் அல்ல, நடத்தை. ‘பெயர்ச்செம்மை’ என்பதே என் தேர்வு. சீனத்தில் ஆட்சியைக் குறிக்கும் சொல்லும் ‘ஜெங்’தான்; ஆட்சி என்பதே நேராக இருப்பது என்று கன்பூசியஸ் அந்த ஒலியொற்றுமையை வைத்து ஓரிடத்தில் பேசுகிறார். நேரான கோலைச் செங்கோல் என்றும் வளைந்ததைக் கொடுங்கோல் என்றும் சொல்லிப் பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இந்தச் சொல்லுக்குக் கூர் ஏற்றியவர் கன்பூசியஸ் வழியில் பின்னால் வந்த சிந்தனையாளர் மென்சியஸ். குடிமகன் மன்னனைக் கொல்லலாமா என்று கேட்டபோது, பழஞ்சீனத்தின் கொடுங்கோல் மன்னன் ஜோவைப் பற்றி அவர் சொன்னது: ‘ஜோ என்ற ஒரு தனி ஆளைக் கொன்றதாகக் கேள்விப்பட்டேன், மன்னனைக் கொன்றதாகக் கேள்விப்படவில்லை.’ மன்னனாக நடக்காதவனுக்கு அந்தப் பெயரே கிடையாது.

2016இல் தென்கொரியாவில் அதிபருக்கு எதிராக மெழுகுவத்தியோடு தெருவில் இறங்கியவர்கள் ‘இதுவும் ஒரு நாடா?’ என்று கேட்டார்கள். அந்த முழக்கத்தில் கன்பூசியஸின் பெயர் இல்லை; கேள்வி அவருடையதுதான். அடுத்த மார்ச்சில் அதிபர் பதவி இழந்தார். தைவானில் இந்தச் சொல்லே முழக்கமானது. ‘மலைவாழ் உடன்பிறப்புகள்’ என்று அழைக்கப்பட்ட பழங்குடியினர் அந்தப் பெயரை மறுத்துப் போராடி, 1994இல் அரசியல் சட்டத்திலேயே ‘தொல்குடியினர்’ என்று மாற்ற வைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஜெங்மிங். மாற வேண்டியது பெயர் அல்ல என்று மேலே எழுதினேனே, இங்கே மாறியது பெயரேதான். சொல் இரண்டு பக்கமும் வெட்டுகிறது.

அன்றாடத்திலும் இது உண்டு. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்பது திங்கட்கிழமைக் கூட்டத்தின் முதல் வரி. சம்பளத்தைக் குறைத்த மாதம் வந்த கடிதத்தில் குடும்பத்தைக் காணோம். ‘மனிதவளம்’ என்று இருந்தது. அந்தக் கடிதம்தான் பெயர்ச்செம்மை என்று நண்பர் ஒருவர் சிரித்தார்.

சீலுவின் கதை மிச்சம் இருக்கிறது. அவர் வெய் நாட்டிலேயே வேலைக்குச் சேர்ந்தார். கி.மு. 480இல், முன்பு நாட்டைவிட்டு ஓடியிருந்த அந்தத் தந்தை மகனின் அரியணையைப் பறிக்க ஊருக்குள் நுழைந்தபோது நடந்த சண்டையில், அறுந்துபோன தலைப்பாகைக் கயிற்றைக் கட்டிக்கொண்டே வெட்டுப்பட்டு இறந்தார்.