சினை நாய்க்கு கால்சியம் பாட்டிலைத் திறக்காதீர்கள்

குட்டி போட்டு மூன்றாவது வாரம். உடம்பு விறைத்து, நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது. காய்ச்சல் 106 டிகிரி. கால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன. சினையில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால், "ஒரு குறையும் வைக்கலை டாக்டர், முதல் நாள்லேர்ந்து கால்சியம் டானிக் கொடுத்தோம்" என்கிறார்கள், பெருமையாக. இந்த மாதமும் அதே பதில்தான். கோளாறே அந்த டானிக்தான் என்று எத்தனை தடவை சொல்வது?

ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ள உடம்புக்குத் தெரியும். அந்த உத்தரவைப் போடுவது கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி. இரண்டு மாதம் வெளியிலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தால் அந்தச் சுரப்பிக்கு வேலையில்லை. வாசலுக்கே தண்ணீர் வருகிற வீட்டில் கிணற்றை யார் தூர் வாருவார்கள்? குட்டிகள் பால் குடிக்கத் தொடங்கியதும் கால்சியம் மளமளவென்று பாலில் இறங்குகிறது. தூங்கிக் கிடந்த சுரப்பி அந்த வேகத்துக்கு விழிப்பதில்லை. பிறகு நடுக்கம், வலிப்பு. பொமரேனியன், ஷிட்சு போன்ற சிறிய இனங்களும், நிறையக் குட்டி போட்ட நாய்களும் முதலில் மாட்டிக்கொள்ளும். டானிக் தராத நாய்க்கும் இது வரலாம். தந்தால் ஆபத்து கூடும்.

"மனுஷங்களுக்கு டாக்டரே எழுதித் தர்றாங்களே?" தருகிறார்கள். நாய் மனுஷி இல்லை. சுமப்பது ஒன்பது வாரம்தான், குட்டிகளின் எலும்பு இறுகுவதே கடைசி மூன்று வாரத்தில். நாய்க்கு கால்சியம் தேவை உச்சத்துக்குப் போவது பாலூட்டும்போது. இன்னொன்று, மனிதர்களுக்கான கர்ப்பப் பரிசோதனை அட்டையும் நாய்க்குப் பயன்படாது. அது தேடும் ஹார்மோன் நாயிடம் கிடையாது.

அப்படியானால் என்ன கொடுப்பது? நல்ல தரமான குட்டி நாய்த் தீவனம் போதும், கால்சியமும் பாஸ்பரஸும் சரியான விகிதத்தில் அதிலேயே இருக்கின்றன. முதல் ஐந்து வாரம் வழக்கமான அளவே. நான்காவது வாரவாக்கில் சில நாள் சாப்பாட்டை ஒதுக்கினால் பதற வேண்டாம். ஆறாவது வாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் கால் பங்கிலிருந்து அரைப் பங்குவரை அதிகம். கருப்பை இரைப்பையை நெருக்குவதால் மூன்று நான்கு வேளையாகப் பிரியுங்கள். பாலூட்டும்போது இரண்டு மூன்று மடங்கு வேண்டும். பலரும் கையை இறுக்குவது அப்போதுதான்! இறைச்சியும் வீட்டுச் சமையலும் மட்டும் தின்னும் நாய்க்குக் கணக்கு வேறு, இறைச்சியில் கால்சியம் சொற்பம். அதற்கான அளவை மருத்துவர் எழுதித் தரட்டும்.

நாள் கணக்கிலும் ஒரு குழப்பம். 63 நாள் என்பது முட்டை வெளிவந்த நாளிலிருந்து. இணை சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57 முதல் 72 வரை எதுவும் ஆகலாம், ஏனென்றால் விந்தணு உள்ளே பல நாள் உயிரோடிருக்கும். 25 முதல் 30 நாளுக்குள் ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரியும். 55 நாளுக்குப் பிறகு ஒரு எக்ஸ்ரே எடுத்துக் குட்டிகளை எண்ணிவிடுங்கள். எத்தனை என்று தெரியாமல் "எல்லாம் வந்தாச்சு" என்று முடிவு செய்யாதீர்கள். மடி பெருத்து, பால்கூடச் சுரந்து, உள்ளே ஒரு குட்டியும் இல்லாத பொய்ச் சினையும் நாய்களில் சாதாரணம்.

57ஆம் நாளிலிருந்து காலை, மாலை ஆசனவாயில் வெப்பமானி வையுங்கள். 99 டிகிரிக்குக் கீழே போனால் பெரும்பாலும் 24 மணி நேரத்தில் பிரசவம். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை, அடுத்த குட்டிக்கு இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது, முதல் குட்டிக்கு முன்பே பச்சைத் திரவம் வருகிறது: இவற்றில் எது நடந்தாலும் உடனே கிளம்புங்கள். பச்சை என்றால் நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது, உள்ளிருக்கும் குட்டிக்குக் காற்றில்லை. தயவுசெய்து யாரோ சொன்னார்கள் என்று, கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசியை வீட்டில் போடாதீர்கள். குட்டி குறுக்கே சிக்கியிருந்தால் கருப்பையே கிழியும்.

வலிப்புக்கு முன்பே அறிகுறி உண்டு: நிலைகொள்ளாமல் அலையும், குட்டிகளைத் தள்ளும், முகத்தைத் தேய்க்கும், விறைப்பாக நடக்கும். முகம் அரிக்கிறது என்று நினைத்து அலர்ஜி மாத்திரை கொடுத்து ஒரு பகலை வீணாக்குகிறார்கள். குட்டிகளைப் பிரித்துவிட்டுத் தாயை உடனே தூக்கி வாருங்கள். நடுங்கும் நாயின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போகும். கால்சியத்தை ரத்தக்குழாய் வழியாக, இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும். அதன்பின் ஒரு நாளாவது குட்டிகளுக்கு மாற்றுப் பால்தான். மறுபடி நடுக்கம் வந்தால் தாய்ப்பாலை அடியோடு நிறுத்த வேண்டும். சினையில் கூடாது என்றாலும், இந்தக் கட்டத்தில் கால்சியம் மாத்திரை உண்டு, நாங்களே எழுதித் தருவோம். அடுத்த சினையிலும் இது திரும்பலாம் என்பதால், இணை சேர்க்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.